தித்திவாங்சா ஏரிக்கு எந்தக் கணக்கு?

ஏரித் தண்ணீர் பச்சையாகிவிட்டது என்பது கண்ணுக்கே தெரியும். ஊட்டச்சத்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று சொல்லத்தான் கணக்கு வேண்டும். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குக் கைக்கு எட்டுவது மூன்று: சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீடு, கார்ல்சன் குறியீடு, வோலன்வைடர் சமன்பாடு.

முதலாவதை உடனே ஒதுக்கிவிடலாம். ஆறுகளுக்கு அது சரி. கரைந்த ஆக்சிஜன், பிஓடி (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்), சிஓடி (அதையே வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்), அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திண்மம், பிஎச் ஆகிய ஆறையும் சேர்த்து ஒரே எண்ணாக்குகிறது. பாசிக்குத் தீனியான பாஸ்பரஸ் அதில் இல்லவே இல்லை. போதாக்குறைக்கு, நண்பகலில் பாசியே ஆக்சிஜனை வெளிவிடுவதால் பச்சை ஏரிக்கு அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் கிடைத்துவிடும்!

1977இல் ராபர்ட் கார்ல்சன் கொடுத்த குறியீடு ஏரிக்கென்றே வந்தது. தண்ணீருக்குள் இறக்கும் செச்சி தட்டு கண்ணுக்கு மறையும் ஆழம், குளோரோஃபில் (பாசியின் பச்சை நிறமி), மொத்த பாஸ்பரஸ், இவற்றில் எதை அளந்தாலும் 0 முதல் 100 வரை ஒரே அளவுகோலில் எண் வரும்; எண் கூடக் கூட ஏரியில் ஊட்டச்சத்தும் பாசியும் அதிகம் என்று பொருள். தட்டு 1 மீட்டரில் மறைந்தால் 60, அரை மீட்டரில் மறைந்தால் 70. தட்டு மலிவு என்பதால் அதோடு நிறுத்திக்கொள்ளத் தோன்றும். ஆனால் தித்திவாங்சா பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டை. தட்டு பாசியிலும் மறையும், சேற்றிலும் மறையும். அரை மீட்டரில் தட்டு மறைகிற தண்ணீரில் குளோரோஃபில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் என்று வைத்துக்கொள்வோம். கார்ல்சன் சூத்திரப்படி அந்த 10இன் இயல் மடக்கையை 9.81ஆல் பெருக்கி 30.6 கூட்டினால் 53. அப்படியானால் 70க்கும் 53க்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் சேற்றின் வேலை. மூன்று எண்களையும் சராசரி எடுப்பவர்கள் இந்தத் தகவலைத்தான் தொலைக்கிறார்கள். ஒரே ஒரு ஆய்வகச் சோதனைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் என் ஓட்டு குளோரோஃபிலுக்கு.

சரி, வடிகாலைச் சுத்தம் செய்தால் ஏரி தேறுமா? கார்ல்சன் இதற்குப் பதில் சொல்ல மாட்டார், வோலன்வைடர் சொல்வார். உள்ளே வரும் நீரின் பாஸ்பரஸ் செறிவை, நீர் தங்கும் காலத்தின் (ஆண்டுக் கணக்கில்) வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டி வகுத்தால் ஏரியின் செறிவு கிடைக்கும். லிட்டருக்கு 60 மைக்ரோகிராம் பாஸ்பரஸோடு வரும் நீர் ஓராண்டு தங்கினால் 30. இரண்டே வாரம் தங்கினால் ஏறத்தாழ 50. ஆனால் இது பெரும்பாலும் மிதவெப்ப நாட்டு ஏரிகளை வைத்துக் கட்டியது, அடிச்சேறு திருப்பி விடும் பாஸ்பரஸைத் தனியாகக் கணக்கில் எடுப்பதில்லை. அப்புறம், மாலை மழையில் வடிகால் பொங்கும்போது மாதிரி எடுக்காமல் வெயில் நேரத்து நீரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், பாஸ்பரஸ் சுமை உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும்.