எட்டுச் சனிக்கிழமை போய் வந்த உளவளத்துணை வட்டம்

விசுவமடுவிலிருந்து பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்கு எட்டுச் சனிக்கிழமை பஸ் ஏறினேன். குடிகார வீட்டில் வளர்ந்து பெரியவர்களானவர்களுக்கு ஓர் உளவளத்துணை வட்டம். காசில்லை. இடத்தின் பெயரைப் போடவில்லை. ஏனென்று கீழே வரும்.

முதல் நாள் பிளேன்ரீ தந்தார்கள். குடித்து முடிந்ததும் என்னையறியாமல் எழும்பி எல்லாருடைய கோப்பைகளையும் பொறுக்கிக் கழுவப் போய்விட்டேன். உளவளத்துணையாளர் அக்கா பின்னாலேயே வந்து, "பிள்ளை, வைச்சிட்டு வாங்கோ. இண்டைக்கு நான் கழுவுறன்" என்றார். வந்து இருந்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

இன்னொரு நாள் சைக்கிள் கதை. அப்பா படலையடியில் சைக்கிளை விடும் சத்தத்திலேயே வெறி எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிடும். ஸ்டாண்ட் டக்கென்று விழுந்தால் கள்ளு, சோறு போடலாம். வேலியில் உரசிச் சரிந்தால் கசிப்பு. தம்பியைப் பின்வளவால் மாமி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இதைச் சொன்னதும் எதிரே இருந்த அண்ணை, "எனக்கு இருமல்" என்றார். அவருடைய அப்பா ஒழுங்கை முடக்கில் இருமுவாராம். என் அப்பா செத்து ஆறு வருடம். இப்போதும் மனேஜரின் மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தத்தைக் கேட்டுத்தான் அன்றைக்கு அவரோடு எப்படிக் கதைப்பது என்று முடிவு செய்கிறேன்.

சரி, குறைகள். கையில் தந்த தாள் 1978இல் நியூயோர்க்கில் இப்படியான பிள்ளைகளின் குழுவுக்காக எழுதப்பட்ட 14 குணங்களின் பட்டியல். கோபக்காரரைக் கண்டால் பயம், தனக்காக வாய் திறந்தால் குற்ற உணர்வு, இரக்கத்தை அன்பென்று நினைப்பது. விஷயம் சரி, தமிழ்தான் கல்லு. 'இணைசார்பு' (codependency) என்றொரு சொல். குடிக்கிறவரைத் தாங்கி, அவருடைய பிழைகளை மூடுவதிலேயே தன்னை மறந்துபோவதைச் சொல்கிறார்கள். அப்பாவின் தவறணைக் கடனைக் கோழி விற்று அடைத்து, வேலைத்தலத்துக்கு "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்லி அனுப்பிய என் அம்மாவுக்கு அது விளங்காது. எங்களூரில் இதற்கெல்லாம் 'பொறுப்பான பிள்ளை', 'பொறுமையான மனுசி' என்று பட்டம்தான் கிடைக்கும். தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

தாளில் 2009 யுத்தத்தையும் காணோம். "என்ரை காது இப்பிடிக் கூர்மையானது கசிப்பாலயா, ஷெல்லாலயா?" என்று கேட்டேன். "பிரிக்கேலாது பிள்ளை. இணைசார்பு எண்டது டொக்டர்மாரின்ரை புத்தகத்தில இருக்கிற வருத்தமும் இல்லை. பட்டியலில பாதி ஆருக்கும் பொருந்தும்" என்றார் அக்கா. அந்த நேர்மைக்காகவே மிச்ச வாரங்கள் போனேன்.

பெரிய பிழை, கதவுக்குப் பதில் திரைச்சீலை. வெளியே வேறு அலுவலுக்கு வந்தவர்கள் வாங்கில் இருப்பார்கள். மூன்றாம் வாரம் நான் உள்ளே சொன்னது, நான் வீடு போய்ச் சேர முதலே மாமியின் காதுக்குப் போயிருந்தது. இடத்தின் பெயரைப் போடாதது இதனால்தான். சண்டை பிடித்தேன், என் வாழ்நாளில் இரண்டாவது தடவையாக. அடுத்த வாரம் பின் அறைக்கு மாற்றினார்கள்.

ஐந்துக்கு மூன்றரை. போகிறவர்கள் பின் அறையைக் கேட்டு வாங்குங்கள். ஒருநாளும் நேரத்துக்குத் தொடங்காது, கடைசி பஸ்ஸை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.