பல்லுக்குத்தான் போனோம்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் இருக்கிற ஒரு பல் கிளினிக். பெயர் போடுவதில் டொக்டருக்கு விருப்பமில்லை, அதனால் போடவில்லை.

ஐயாவுக்கு 71 வயது, முத்தையன்கட்டில் வயல். வாயில் சுருட்டு இல்லையென்றால் வெத்திலை, இரண்டும் இல்லையென்றால் நித்திரை. கடைவாய்ப்பல் ஆடுது, பிடுங்குவம் என்று ஒட்டுசுட்டானில் பஸ் ஏறி மாங்குளத்தில் மாறி வந்தோம். முந்தி வேறொரு இடத்தில் ஐந்து நிமிசத்தில் பிடுங்கிவிட்டார்கள். வாயில் வேறெதையும் பார்க்கவில்லை.

இவர் முதலில் பல்லைத் தொடவேயில்லை. துணித்துண்டால் நாக்கைப் பிடித்து இழுத்து இரண்டு கரையையும் பார்த்தார். நாக்குக்குக் கீழே பார்த்தார். இடது கன்னத்தின் உட்பக்கம், வெத்திலை அடக்குகிற இடத்தில், பெருவிரல் நகத்தளவு வெள்ளைப் படை. துடைத்தார், போகவில்லை. நடுவில் கொஞ்சம் சிவப்பு. விரலால் அமத்தினார்.

"நோகுதோ ஐயா?"

"இல்லை மோனை."

"அதுதான் எனக்குப் பிடிக்கேல்லை."

சின்னத் துண்டு வெட்டிச் சோதிக்கவேணும் என்றதும் ஐயா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அப்பதான் டொக்டர் சுருட்டுக்காரருக்குச் சுருட்டுக்காரர் கதையை எடுத்தார். அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த கிராண்ட், 1884இல் பீச் பழம் கடிக்கத் தொண்டை நொந்தது. மாசக்கணக்கில் இழுபட்டு, அடுத்த வருசம் யூலையில் தொண்டைப் புற்றுநோயால் செத்தார். அப்போது ஜனாதிபதிக் கதிரையில் இருந்தவர் கிளீவ்லாந்து, அவரும் சுருட்டுத்தான். 1893இல் அவருடைய மேலண்ணத்தில் ஒரு சொரசொரப்பு. துண்டெடுத்து, யாருடையதென்று சொல்லாமலே சோதனைக்கு அனுப்பினார்கள். மறுமொழி நல்லதாயில்லை. யூலை 1, கடலில் ஒரு உல்லாசப் படகுக்குள் வைத்து இடது மேல்தாடையின் பெரும்பகுதியை வாய்க்குள்ளாலேயே வெட்டி எடுத்தார்கள். மீசைகூடக் கலையவில்லை. ஓட்டைக்கு ரப்பர் அடைப்பு. ஊருக்குச் சொன்னது, பல் பிடுங்கினது என்று! 1917இல்தான் கூட நின்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் உண்மையை எழுதினார். கிளீவ்லாந்து 1908 வரை இருந்தார், செத்தது இதயத்தால்.

ஐயா கேட்டது ஒன்றே ஒன்று. "பேந்து அவர் சுருட்டை விட்டவரோ?"

"அவரை விடுங்கோ, நீங்கள் விடுங்கோ."

பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார். எடுத்தது பார்வைக்காசு மட்டும். பேசாமல் பல்லைப் பிடுங்கியிருந்தால் இன்னும் கூடக் காசு உழைத்திருக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. வெளியில் நாலு கதிரைதான், பின்னேர வெயில் நேரே முகத்தில் அடிக்கும். போன் எடுத்தால் பதில் இல்லை. நம்பர் எடுக்க விடியவே போகவேணும், வயசானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் தண்ணிப்போத்தல் கொண்டுபோங்கோ.

துண்டெடுத்துச் செய்த சோதனையின் (பயொப்சி) மறுமொழி மூன்று கிழமையில் வந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் கலங்களில் மாற்றம் தொடங்கியிருக்கு. மூன்று மாசத்துக்கு ஒருக்கால் காட்டவேணும். சுருட்டு நின்றுவிட்டது, வெத்திலை இன்னும் ஒளிச்சு நடக்குது. ஆடின பல் அப்படியே இருக்கு, அடுத்த முறை பிடுங்குவாராம்.