பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சோதித்துத் தரும் சேவை: என் அனுபவம்

90,000 கிலோமீட்டர் ஓடிய ஆடி டிடி ஒன்றை வாங்குமுன், பெங்களூருவில் வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து சோதிக்கும் மெக்கானிக் ஒருவரை அமர்த்தினேன். அவர் பானட்டைத் திறந்து இன்ஜின் மேல் கை வைத்துவிட்டு, "சூடா இருக்கு சார், நாளைக்குக் காலைல வர்றேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று தமிழிலேயே சொல்லிக் கிளம்பிவிட்டார். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றிவிட்டால், தேய்ந்த டைமிங் செயின் (இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் சங்கிலி) குளிர்ந்த நிலையில் எழுப்பும் சத்தம் மறைந்துவிடுமாம். மறுநாள் அந்தச் சத்தம் தெளிவாகவே கேட்டது. இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில் 60,000 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றியதற்கான பில்லும் இல்லை. டயரில் இருந்த 2317 என்ற எண், 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு என்பதைக் காட்டிக்கொடுத்தது. மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று பார்க்க, பெயின்ட் தடிமனை அளக்கும் கருவியை அவர் கொண்டுவராதது குறைதான். டெல்லியில் பதிவான இந்த வண்டிக்குக் கர்நாடக வாழ்நாள் வரியையும் கூட்டிப் பார்த்தபின், வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன்.