மாக்கா, ரீப்ளேயா, சொந்த சிமுலேட்டரா? ஃப்யூச்சர்ஸ் சிஸ்டத்துக்கு டெஸ்ட் எழுதும் மூன்று வழிகள்

நிஃப்டி குறியீட்டின் ஃப்யூச்சர்ஸில் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) ஆர்டர் போடும் சிஸ்டம் ஒன்றை எழுதிப் பராமரிக்கும் சின்ன டீம் எங்களுடையது. அதற்குத் தானியங்கி டெஸ்ட் எழுத மூன்று வழிகளையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறோம். எக்ஸ்சேஞ்சின் இடத்தில் ஒரு மாக், அதாவது நாம் சொல்லிவைத்த பதிலையே தரும் போலி, வைத்து எழுதுவது முதல் வழி. நடந்து முடிந்த நாளின் டேட்டாவைப் பதிவு செய்து திரும்ப ஓட்டுவது, அதாவது ரீப்ளே, இரண்டாவது. எக்ஸ்சேஞ்ச் போலவே நடந்துகொள்ளும் சின்ன சிமுலேட்டரை நாமே எழுதிக்கொள்வது மூன்றாவது. என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். மற்ற இரண்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பெரும்பகுதி டெஸ்ட் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டால் சிமுலேட்டர் பக்கம் கை காட்டுவேன்.

எந்த வழியில் போனாலும் பொதுவான சில விஷயங்கள் உண்டு. விலையைப் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். நேரத்தை நிரலுக்கு வெளியிலிருந்து கொடுங்கள். கம்ப்யூட்டர் கடிகாரத்தை நேரடியாகக் கேட்கும் ஒரே ஒரு வரி எங்காவது இருந்தாலும், காலையில் பாஸ் ஆன டெஸ்ட் மாலை 3:30க்கு மேல் ஃபெயில் ஆகும். டெஸ்ட் ஓடும் மெஷினிலிருந்து உண்மையான எக்ஸ்சேஞ்ச் லைனுக்குப் பாதையே இருக்கக் கூடாது. இதிலெல்லாம் விவாதம் இல்லை.

ஆரம்பிக்க மாக்தான் சுலபம். எல்லா மொழியிலும் லைப்ரரி இருக்கிறது, அரை நாளில் பத்து டெஸ்ட் எழுதிவிடலாம். வெறும் கணக்குப் பகுதிகளுக்கு மாக்கூடத் தேவைப்படாது. லாட் அளவு (ஒரு லாட்டில் எத்தனை யூனிட் என்பது) 65 ஆக உள்ள ஒப்பந்தத்தில் 1 லாட் 25,000க்கு வாங்கினோம், அன்றைய செட்டில்மென்ட் விலை (நாள் முடிவில் லாப நஷ்டக் கணக்குப் போடும் விலை) 25,100 என்றால் ரூ.6,500 வரவு, மறுநாள் கணக்கு 25,100லிருந்து தொடங்க வேண்டும். இதற்கு எண்ணைக் கொடுத்து எண்ணைச் சரிபார்த்தால் போதும்.

சிக்கல் ஆர்டரின் வாழ்க்கையில்தான் வருகிறது. ஒரு பகுதி நிறைவேறிய ஆர்டரின் மீதியை ரத்து செய்யச் சொல்லி அனுப்புகிறோம், அது போய்ச் சேருவதற்குள் மீதி லாட்டும் முடிந்துவிடுகிறது, அப்புறம் ரத்து நிராகரிக்கப்பட்டதாகச் செய்தி வருகிறது. இந்தத் தொழிலில் பணம் போகும் இடம் இதுதான். மாக்கில் இதை எழுதும்போது எக்ஸ்சேஞ்ச் என்ன பதில் சொல்லும், எந்த வரிசையில் சொல்லும் என்பதையெல்லாம் டெஸ்ட் எழுதுபவரே தீர்மானிக்கிறார். அவருடைய அனுமானம் தப்பாக இருந்தால் நிரலும் தப்பு, டெஸ்டும் அதே தப்பு. இரண்டும் ஒத்துப்போய் பச்சை விளக்கு எரியும். சிமுலேட்டரில் அதே டெஸ்ட் இப்படி இருக்கும்:

நாம்: நடப்பு மாத நிஃப்டி, 2 லாட் வாங்க, விலை 25,000
சந்தை: 1 லாட் விற்பனை, 25,000
நாம்: மீதியை ரத்து செய் (போய்ச் சேர 5 மில்லிசெகண்ட்)
சந்தை: 2 மில்லிசெகண்டில் இன்னொரு லாட் விற்பனை, 25,000
எதிர்பார்ப்பு: பொசிஷன் (கையில் இருப்பது) 2 லாட், நிலுவை ஆர்டர் இல்லை

எக்ஸ்சேஞ்ச் என்ன பதில் தரும் என்று இதில் எங்கேயும் எழுதவில்லை. ஆர்டர் புத்தகத்தை, அதாவது நிலுவையில் உள்ள ஆர்டர்களின் பட்டியலை, வைத்திருக்கும் சிமுலேட்டர் விலையையும் நேரத்தையும் பார்த்துத் தானே பொருத்துகிறது, ரத்தைத் தானே நிராகரிக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அளவு 2 லாட் என்று இருக்கிறது, 130 என்று இல்லை. நான் சிமுலேட்டர் பக்கம் சாய்ந்ததற்கு முக்கியக் காரணமான பராமரிப்பு இங்கேதான் தொடங்குகிறது.

நம் ஊர் ஃப்யூச்சர்ஸ் சந்தையில் விதி மாறிக்கொண்டே இருக்கும். நிஃப்டி லாட் 2024 ஏப்ரல் கடைசியில் 50லிருந்து 25 ஆனது. அதே வருஷம் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி ரூ.15 லட்சமாக உயர்த்த, நவம்பரிலிருந்து வந்த புது ஒப்பந்தங்களுக்கு லாட் 75 ஆனது. 2025 டிசம்பர் எக்ஸ்பைரிக்கு (ஒப்பந்தம் முடியும் நாள்) பிறகு 65. இரண்டு வருஷத்துக்குள் மூன்று மாற்றம். நடுவில் 2025 செப்டம்பரிலிருந்து எக்ஸ்பைரியே வியாழனிலிருந்து செவ்வாய்க்குப் போனது. ஒவ்வொரு முறையும் ஒரு சர்க்குலர் வரும், தேதி குறித்திருக்கும், அதற்குள் சிஸ்டமும் டெஸ்டும் தயாராக வேண்டும்.

மாக் டெஸ்ட்களில் இந்த எண்கள் ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும். ஒரு டெஸ்டில் 50, அடுத்ததில் 100, இன்னொன்றில் கடைசி வியாழக்கிழமைத் தேதி. தேடி மாற்றினாலும், அந்த 50 லாட் அளவா, விலை வித்தியாசமா, வேறு ஏதாவதா என்று ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தால்தான் தெரியும். விதி மாறாத நாளிலும் தொல்லை உண்டு. ஆர்டர் அனுப்பும் ஃபங்ஷனை இரண்டாகப் பிரித்தால், எதை எந்த வரிசையில் கூப்பிட்டோம் என்று சரிபார்க்கும் டெஸ்ட் எல்லாம் சிவப்பாகும், சிஸ்டத்தின் நடத்தை இம்மியும் மாறாமலேயே. நாளடைவில் டீமில் யாருக்கும் நிரலைத் தொடக் கை வராது.

சிமுலேட்டரில் லாட், எக்ஸ்பைரி, டிக் அளவு (விலை நகரும் மிகச் சிறிய படி) எல்லாம் ஒப்பந்தப் பட்டியல் என்ற ஒரே இடத்தில் இருக்கும். சர்க்குலர் வந்தால் அந்தப் பட்டியலில் ஒரு வரி சேரும். அதைவிட நல்லது, பழைய வரி அழியாது. 2024 நவம்பர் மாற்றத்தின்போது 2025 ஜனவரி ஒப்பந்தம் 25 என்ற லாட் அளவிலேயே தொடர்ந்தது, பிப்ரவரி ஒப்பந்தத்துக்கு 75. இரண்டும் ஒரே சமயத்தில் டிரேட் ஆயின. கையில் ஜனவரி ஒப்பந்தம் 4 லாட் இருந்தால் அது 100. பிப்ரவரிக்கு ரோல் செய்தால், அதாவது இதை முடித்து அடுத்த மாத ஒப்பந்தத்துக்கு மாற்றினால், 1 லாட், அதாவது 75 போகும். மீதி 25க்குப் பிப்ரவரியில் இடமே இல்லை. சிஸ்டம் அந்த 25ஐ விற்றுவிட வேண்டுமா, ரோல் செய்யாமல் நிறுத்திவிட்டு மனிதரைக் கூப்பிட வேண்டுமா? எங்கள் முடிவு இரண்டாவது. அதைச் சரிபார்க்கும் டெஸ்டை எழுதச் சில நிமிஷம்தான் ஆனது, ஏனென்றால் லாட் அளவு நிஃப்டி என்ற குறியீட்டுக்கு உரியதல்ல, ஒப்பந்தத்துக்கு உரியது என்பது சிமுலேட்டரின் அமைப்பிலேயே இருந்தது. அந்த டெஸ்ட் இன்றைக்கும் ஓடுகிறது.

ரீப்ளேக்கு வருவோம். பதிவு செய்த நாளில் இருக்கும் இரைச்சல், அவசரம், விசித்திரமான விலைகள் எதையும் யாராலும் உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது. 2020 மார்ச் 13 காலையில் நிஃப்டி 10 சதவீதம் விழுந்து சந்தை 45 நிமிஷம் நின்றது, அப்புறம் மீண்டு ஏற்றத்திலேயே முடிந்தது. அப்படி ஒரு நாளின் டேட்டா உங்களிடம் இருந்தால் அதைப் பத்திரமாக வைத்து, ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்பும் ஓட்டுங்கள். அன்றைய ஒப்பந்தப் பட்டியல் ஃபைலையும் கூடவே சேர்த்து வையுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பதிவு சீக்கிரமே பயன்படாமல் போகும்.

ஆனால் ரீப்ளேயை முதல் அரணாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. விடை ஒரு பெரிய ஃபைலாக இருக்கும். உத்தியில் சின்னத் திருத்தம் செய்தாலும் அதற்குப் பின் வரும் ஆர்டர் எல்லாம் மாறும், நூற்றுக்கணக்கான வரிகள் வித்தியாசம் காட்டும். அத்தனையையும் படித்துப் பார்க்க யாருக்கும் பொழுது இருக்காது; புதிய ஃபைலே சரியான விடை என்று ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அதோடு பதிவில் இருப்பது நடந்தது மட்டும்தான். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க மே மாதக் கச்சா எண்ணெய் ஃப்யூச்சர்ஸ் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அதைப் பின்பற்றும், நம் ஊர் சரக்குச் சந்தையான எம்சிஎக்ஸின் ஏப்ரல் ஒப்பந்தம் பேரலுக்கு மைனஸ் ரூ.2,884க்கு செட்டில் ஆனது. விலை பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடும் என்று அந்த அமெரிக்க ஒப்பந்தத்தை நடத்தும் எக்ஸ்சேஞ்சான சிஎம்இ சில நாள் முன்பே அறிவித்திருந்தும், அந்தத் தேதிக்கு முந்தைய எந்தப் பதிவிலும் அப்படி ஒரு விலை கிடையாது. சிமுலேட்டரில் மைனஸ் விலையைக் கொடுத்துப் பார்க்க ஒரு வரி போதும்.

சந்தை நேரமும் அப்படித்தான். 2021 பிப்ரவரி 24 அன்று, நிஃப்டி ஃப்யூச்சர்ஸ் நடக்கும் எக்ஸ்சேஞ்சான என்எஸ்இ 11:40க்கு நின்று, 3:45க்குத் திறந்து, 5 மணி வரை நடந்தது. 3:30 என்று நிரலில் எழுதி வைத்த சிஸ்டம் அன்றைக்கு என்ன செய்யும்? விடுமுறை நாளில் சிறிது நேரம் மட்டும் நடக்கும் தீபாவளி முகூர்த்த டிரேடிங்குக்கு என்ன செய்யும்? நேரத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்க எங்களுக்கு சிமுலேட்டரே வசதியாக இருக்கிறது.

சிமுலேட்டர் மட்டும் இலவசமா என்றால் இல்லை. அதுவும் நிரல்தான், அதிலும் பிழை வரும், எக்ஸ்சேஞ்ச் நடத்தையிலிருந்து மெல்ல விலகிப் போகும். அதைக் கட்டுக்குள் வைக்க நாங்கள் செய்வது: என்எஸ்இ சனிக்கிழமைகளில் நடத்தும் மாக் டிரேடிங்கில் (மேலே சொன்ன மாக் வேறு, இது எக்ஸ்சேஞ்சே நடத்தும் ஒத்திகை) எங்கள் முக்கியக் காட்சிகளை ஓட்டி, வந்த செய்திகளின் வரிசையை சிமுலேட்டரின் வரிசையோடு ஒப்பிடுகிறோம். வித்தியாசம் வந்தால் திருத்துவது சிமுலேட்டரைத்தான். இந்த ஒப்பீட்டைச் செய்ய ஆள் இல்லாத டீம் சிமுலேட்டர் எழுத வேண்டாம் என்றே சொல்வேன்.

மார்ஜின் (பிணையாகக் கட்டும் பணம்) விஷயத்தில் எங்கள் சிமுலேட்டர் ஒரு தோராய சதவீதத்தைத்தான் போடுகிறது, மார்ஜினைக் கணக்கிடும் முறையான ஸ்பான் கணக்கு முழுமையாக இல்லை. ஆப்ஷன்ஸும் சேர்ந்த பெரிய போர்ட்ஃபோலியோவுக்கு அது போதாது. எங்கள் சிஸ்டம் நிமிஷத்துக்குச் சில ஆர்டர் போடும் ரகம். வரிசையில் எத்தனையாவது இடம் என்பதே லாபத்தைத் தீர்மானிக்கும் அதிவேக டிரேடிங்கில் நான் வேலை செய்ததில்லை. அங்கே ரீப்ளேக்கு இதைவிட அதிக மதிப்பு இருக்கலாம்.

ஏற்கெனவே மாக் டெஸ்ட் குவிந்திருந்தால் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. அடுத்த சர்க்குலர் வரும்போது எவை உடைகின்றன என்று பாருங்கள், உடைந்ததை மட்டும் சிமுலேட்டர் காட்சியாக மாற்றி எழுதுங்கள். முதலில் எழுத வேண்டியது பகுதி நிறைவேற்றமும் ரத்தும் மோதும் காட்சி, அடுத்தது ரோல் ஓவர், அப்புறம் ஆர்டர் நிலுவையில் இருக்கும்போது லைன் அறுந்து மறுபடி சேர்வது. இந்த மூன்றுக்கும் தேவையான ஆர்டர் புத்தகம், ஒப்பந்தப் பட்டியல், கடிகாரம் ஆகியவை வந்துவிட்டால், அதற்குப் பிறகு ஒரு புதிய காட்சி சேர்ப்பது ஐந்தாறு வரி வேலைதான்.