ஏற்றும் கை, இறக்கும் கை: பிரதமர் நாற்காலியைச் சுற்றி ஒரு நாடு நாடான அலசல்

1999 ஏப்ரல் 17 அன்று மக்களவையில் வாஜ்பாய் நம்பிக்கை கோரினார். ஆதரவு 269, எதிர்ப்பு 270. அந்த ஒற்றை ஓட்டு யாருடையது என்ற பஞ்சாயத்து இன்னும் ஓயவில்லை. ஒடிசா முதல்வரான பிறகும் எம்.பி. பதவியை விடாதிருந்த கிரிதர் கமாங் போட்டதா, கட்சியின் முடிவை மீறி சைபுதீன் சோஸ் போட்டதா என்று டீக்கடை வரை பேசித் தீர்த்தாயிற்று. (ஜெயலலிதாவையும் சோனியாவையும் ஒரே கூரையின்கீழ் உட்காரவைத்த சுப்பிரமணியன் சுவாமியின் தேநீர் விருந்தையும் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.)

எனக்கு அந்த ஓட்டைவிட அதற்குப் பின் நடந்ததுதான் விசித்திரமாகப் படுகிறது. இறக்கிவிட 270 பேர் கிடைத்தார்கள். வேறொருவரை ஏற்றிவைக்க ஆள் சேரவில்லை. 272 பேர் தன் பக்கம் இருப்பதாகச் சொன்ன சோனியா காந்திக்கு முலாயம் சிங் கைவிரித்துவிட்டார். மக்களவை கலைந்தது. தோற்ற வாஜ்பாயே காபந்துப் பிரதமராகத் தொடர்ந்தார். கார்கில் போரை நடத்தியது அவையின் நம்பிக்கையை இழந்த அந்த அரசுதான். தேர்தலில் வென்று அக்டோபரில் அவரே மறுபடி பதவியேற்றார்.

இதே 270 பேர் ஜெர்மனியில் இருந்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. அங்கே பிரதமருக்கு நிகரான சான்சலரை வெறுமனே கவிழ்க்க முடியாது. அடிப்படைச் சட்டத்தின் 67ஆவது பிரிவுப்படி, அடுத்தவர் யார் என்று பெயர் சொல்லி அவரைப் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தால்தான் இருப்பவர் இறங்குவார். 1949இல் இதை எழுதியவர்கள் சூடுபட்ட பூனைகள். 1932 செப்டம்பரில் நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் ஒரே பக்கம் வாக்களித்து, அப்போதைய சான்சலர் பாப்பென் அரசின் மீது 512க்கு 42 என்று நம்பிக்கையின்மை தெரிவித்தார்கள். சேர்ந்து இடிப்பார்கள், சேர்ந்து கட்டமாட்டார்கள். அந்த வெற்றிடத்தில் யார் வந்து உட்கார்ந்தார் என்பது ஊரறிந்த கதை.

அந்தப் பூட்டு ஒரே ஒரு முறைதான் திறந்திருக்கிறது. 1982 அக்டோபர் 1இல் சுதந்திர ஜனநாயகக் கட்சி அணி மாற, சான்சலர் ஷ்மிட் இறங்கி ஹெல்முட் கோல் ஏறினார்: தேவை 249, கிடைத்தது 256. ஒரு நாள்கூட நாற்காலி காலியாக இல்லை. அதற்குப் பத்தாண்டு முன்பு, 1972இல், சான்சலர் வில்லி பிராண்டை இறக்க வந்த எதிர்க்கட்சித் தலைவர் பார்ட்செல் 247இல் நின்றுபோனார். இரண்டு ஓட்டு குறைவு. கிழக்கு ஜெர்மனியின் உளவு அமைப்பான ஸ்டாசி காசு கொடுத்து ஓட்டு வாங்கியிருந்தது பின்னாளில் தெரியவந்தது. ஸ்பெயினும் இதே பூட்டைத்தான் வைத்திருக்கிறது. 2018 ஜூன் 1இல் ரஹோயை இறக்கி, அப்போது எம்.பி.யாகக்கூட இல்லாத பெத்ரோ சான்செஸை 180 ஓட்டில் ஏற்றினார்கள்.

இதில் குறை இல்லையா என்றால், உண்டு. பெரும்பான்மை போன பிறகும், எதிரிகள் ஒன்றுசேராத வரை சான்சலர் உட்கார்ந்திருக்கலாம். 2024இல் கூட்டணி உடைந்தபோது ஷோல்ஸ் தானே நம்பிக்கை கோரி, தானே தோற்று (207க்கு 394), அந்தப் பின்வாசல் வழியாகத்தான் தேர்தலுக்குப் போனார். தோற்பதற்கென்றே கேட்கும் நம்பிக்கை! கொஞ்சம் நாடகம்தான்.

ஏற்றும் முறையிலும் இரண்டு நாடுகளும் எதிரெதிர் துருவம். இந்தியாவில் பிரதமரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுப்பதே இல்லை. 75ஆவது பிரிவு, குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று சொல்வதோடு சரி. யாரை என்பது கட்சிக்குள் முடிந்துவிடும் விஷயம். 1966இல் காமராஜர் முன்னின்ற காலத்திலாவது காங்கிரஸ் எம்.பி.க்கள் சீட்டில் எழுதிப் போட்டார்கள்: இந்திரா 355, மொரார்ஜி 169. ஜெர்மனியிலோ சான்சலரை அவை முழுவதும் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. 2025 மே 6 காலையில் மெர்ஸுக்கு 316 தேவைப்பட்டபோது 310தான் விழுந்தது. சொந்தக் கூட்டணிக்குள் கைவைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. மதியம் நடந்த இரண்டாம் சுற்றில் 325 வாங்கித் தேறினார்.

நம் ஊரில் ரகசிய வாக்கெடுப்பு வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே பயமாக இருக்கிறது. வெளிப்படையாக ஓட்டுப் போட்டபோதே விலை பேசினார்கள். 1993இல் நரசிம்ம ராவ் அரசின் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 251க்கு 265 என்று தோற்றதற்குப் பின்னால் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்களுக்குக் கைமாறிய பணம் இருந்தது என்று வழக்கு வந்தது. வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைத் திருத்த 2024 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரிட்டன் வேறொரு சிக்கலில் மாட்டியிருக்கிறது. அங்கே அவை பிரதமரைக் கவிழ்த்து நாளாகிவிட்டது. 1979இல் காலகன் 311க்கு 310 என்று விழுந்ததுதான் கடைசி. இப்போது கவிழ்ப்பது கட்சி. கன்சர்வேடிவ் கட்சியில் ஏற்றுபவர்கள் ஒரு கூட்டம், இறக்குபவர்கள் இன்னொரு கூட்டம். 2022இல் எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் ரிஷி சுனக்குக்கு 137, லிஸ் டிரஸுக்கு 113. கட்சி உறுப்பினர்களிடம் போனதும் டிரஸ் 81,326, சுனக் 60,399. தன் எம்.பி.க்களில் மூன்றில் ஒரு பங்கின் ஆதரவுகூட இல்லாமல் வந்தவர், ஒரு மினி பட்ஜெட்டில் சந்தை ஆட்டம் கண்டதும் தாங்குவாரா? 49 நாள். அடுத்த முறை உறுப்பினர்களிடம் போகவே விடாமல், நூறு எம்.பி.க்களின் ஆதரவு வேண்டும் என்று வாசலை உயர்த்தி சுனக்கைப் போட்டியின்றி ஏற்றிவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் அந்தக் காலத்தில் ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே கை, கட்சி எம்.பி.க்கள். அதனால் சிக்கல் தீர்ந்ததா? 2010இல் ரட், 2013இல் கில்லார்ட், 2015இல் அபாட், 2018இல் டர்ன்புல் என்று பதவியில் இருந்த பிரதமர்களையே வரிசையாகச் சாய்த்தார்கள். அதற்கு அங்கே ‘ஸ்பில்’ என்று பெயர். காலையில் எழுந்தால் வேறு பிரதமர். கடைசியில் அவர்களுக்கே சலித்துப்போய், பதவியிலிருக்கும் பிரதமரை இறக்க லேபர் கட்சியில் 75 சதவீத எம்.பி.க்கள் கையெழுத்திட வேண்டும், தேர்தலில் வென்று வந்த பிரதமரை லிபரல் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்க்க வேண்டும் என்று கட்சி விதிகளை இறுக்கினார்கள்.

மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டுமே என்பவர்களுக்கு இஸ்ரேல் பதில் சொல்லும். 1996, 1999, 2001 என மூன்று முறை செய்து பார்த்தார்கள். பிரதமருக்கு ஒரு சீட்டு, கட்சிக்கு ஒரு சீட்டு என்றதும் வாக்காளர் இரண்டாவது சீட்டைச் சின்னக் கட்சிகளுக்குப் போட்டார். 1999இல் வென்ற பராக்கின் அணிக்கு 120இல் 26 இடம்தான். வலுவான பிரதமரை உண்டாக்க வந்த சட்டத்தை 2001இல் அவர்களே ரத்து செய்துவிட்டார்கள்.

மேலிருந்து ஒரு கை வந்து இறக்குவதும் உண்டு. 2018 அக்டோபர் 26இல் இலங்கையில் ஜனாதிபதி சிறிசேன, பிரதமர் ரணிலை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். அவையில் மகிந்தவுக்கு ஆள் சேரவில்லை, மிளகாய்த்தூள்தான் பறந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் ஆதரவோடு ரணில் 117 ஓட்டில் பெரும்பான்மை காட்ட, மறுநாளே, இடையில் சிறிசேன செய்திருந்த நாடாளுமன்றக் கலைப்பு செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பர் 16இல் பழைய பிரதமரே மீண்டும் பதவியேற்றார்.

இத்தனையும் பார்த்த பிறகு என் ஓட்டு ஜெர்மன் பூட்டுக்குத்தான். அரசமைப்பு மறு ஆய்வு ஆணையம் 2002இல் இந்தியாவுக்கும் அதையே பரிந்துரைத்தது, யாரும் தொடவில்லை. ஆனால் பூட்டு மட்டும் வந்தால் போதாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த 1985 முதல், கொறடா உத்தரவை மீறும் எம்.பி.யின் பதவி போகும். ஆளுங்கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இருந்தால், ஆஸ்திரேலிய எம்.பி. செய்வதை இங்கே ஒருவர் அவையில் நினைத்தும் பார்க்க முடியாது. 2023 ஆகஸ்டில் மோடி அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அரசு கவிழும் என்று கொண்டுவந்தவர்களே நம்பவில்லை. மணிப்பூரைப் பற்றிப் பிரதமரை அவையில் பேசவைக்க வேறு வழி தெரியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளிநடப்பும் செய்துவிட்டதால், தீர்மானம் குரல் வாக்கெடுப்பிலேயே தோற்றது.