லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகம்: குடுவைகளுக்குள் ஒரு வகுப்பறை

லண்டனில் ஹோபர்ன் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் என்ற பெரிய சதுக்கம் வரும். அதன் தென்புறத்தில், இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் கட்டடத்துக்குள் ஹன்டேரியன் அருங்காட்சியகம் இருக்கிறது. 2017-இல் புதுப்பிப்பதற்காக மூடப்பட்டு 2023 மே மாதம் மீண்டும் திறக்கப்பட்ட இதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. உடற்கூறியல் வகுப்பில் தொடையின் உட்புறத்தில் ரத்தக் குழாய்கள் செல்லும் 'ஹன்டர்ஸ் கெனால்' என்ற பாதை பற்றி மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதுதான். அந்தப் பெயருக்கு உரிய ஜான் ஹன்டர் எப்படிப்பட்ட ஆசிரியர் என்பதை மட்டும் எங்களுக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை.

உள்ளே நுழைந்ததும் முதலில் நிறுத்தி வைப்பவை ஈவ்லின் பலகைகள். 1640-களில் இத்தாலியின் பாதுவா நகரில் ஆங்கில நாட்குறிப்பு எழுத்தாளர் ஜான் ஈவ்லின் விலைக்கு வாங்கிய இந்த நான்கு மரப்பலகைகளின்மேல், மனித உடலிலிருந்து பிரித்தெடுத்த நரம்புகளும் ரத்தக் குழாய்களும் மரத்தின் வேர் படர்ந்ததுபோல் ஒட்டப்பட்டிருக்கின்றன. அழகானவைதான். ஆனால் இந்த இடத்தின் உயிர் அவற்றில் இல்லை. நீண்ட கூடத்தில் தரையிலிருந்து தலைக்கு மேல்வரை அடுக்கிய கண்ணாடிக் குடுவைகளில் இருக்கிறது. ஹன்டர் சேர்த்துப் பதப்படுத்திய உறுப்புகளில் 2,000-க்கும் மேற்பட்டவை இப்போது பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன.

இந்தக் குடுவைகளை ஒரு விந்தை மனிதரின் சேகரிப்பாகப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் வெளியேறிவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பாடம் நடத்துவதற்காக ஒருவர் அடுக்கிய வரிசையாக இதைப் படிக்கத் தொடங்கினால் இரண்டு மணி நேரமும் போதாது. ஹன்டர் உறுப்புகளை விலங்கு வாரியாகவோ நோய் வாரியாகவோ மட்டும் பிரிக்கவில்லை. செரித்தல், ரத்த ஓட்டம், இனப்பெருக்கம் என்று வேலை வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எளிய உயிரிலிருந்து தொடங்கி மனிதன் வரை கொண்டுவந்தார். ஒரே வேலையை இத்தனை உடல்கள் இத்தனை விதமாகச் செய்கின்றன என்பதை மாணவன் தன் கண்ணாலேயே கண்டுபிடிக்கட்டும் என்பதுதான் அந்த அடுக்கின் நோக்கம். மனிதப் பல் ஒன்று நட்டுவைக்கப்பட்ட சேவல் கொண்டையைப் பார்த்து முதலில் சிரிப்பு வந்தது. ஓர் உயிரின் திசு இன்னோர் உயிரில் ஒட்டுமா என்ற கேள்வியை 18-ஆம் நூற்றாண்டிலேயே கேட்டிருக்கிறார் என்று உறைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

ஸ்காட்லாந்தில் 1728-இல் பத்துப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்த ஹன்டருக்குப் பள்ளிப்படிப்பு ஏறவில்லை. 1748-இல் லண்டன் வந்து, அண்ணன் வில்லியம் நடத்திய உடற்கூறியல் பள்ளியில் உடல்களை அறுத்துத் தயார் செய்யும் உதவியாளராகச் சேர்ந்தார். ஒவ்வொரு மாணவனும் தன் கையாலேயே ஓர் உடலை அறுத்துப் படிக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் கொள்கை. அதற்குத் தேவையான உடல்கள் பெரும்பாலும் கல்லறைத் திருடர்கள் வழியாகவே வந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிறகு சில ஆண்டுகள் ராணுவ அறுவை மருத்துவர். 1768 முதல் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர். 1770-களின் தொடக்கத்திலிருந்து சொந்த விரிவுரைகள்.

நல்ல ஆசிரியர் என்றால் நன்றாகப் பேசுபவர் என்று நினைக்கும் நமக்கு ஹன்டர் ஒரு புதிர். மேடையேறுவது அவருக்குப் பெரும் வேதனை. விரிவுரைத் தொடரின் முதல் நாளில் அபின் கரைசல் குடித்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவார் என்று குறிப்புகள் உண்டு. ஒருமுறை கேட்க ஒரே ஒருவர்தான் வந்திருந்தாராம். எலும்புக்கூட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தச் சொல்லி, அதன்பிறகே 'கனவான்களே' என்று பன்மையில் விளித்துத் தொடங்கினார் என்றொரு கதையும் வழங்குகிறது. ஆயினும் அவரிடம் பயின்றவர்களின் பட்டியல் மலைக்க வைக்கிறது: பின்னாளில் பெரியம்மைத் தடுப்பூசி தந்த எட்வர்ட் ஜென்னர் 1770 முதல் 1772 வரை அவர் வீட்டிலேயே தங்கிப் படித்தார், ஆஸ்ட்லி கூப்பர், ஜான் அபர்னெத்தி ஆகியோர் லண்டனின் அடுத்த தலைமுறை ஆசிரியர்கள் ஆனார்கள், பிலிப் சிங் ஃபிசிக் அமெரிக்க அறுவை மருத்துவத்தின் தந்தை என்றே அழைக்கப்பட்டார். ஊர் திரும்பிய ஜென்னர் 1775-இல் முள்ளெலி பற்றி ஏதோ ஊகம் எழுதி அனுப்ப, ஏன் யோசித்துக்கொண்டிருக்கிறாய், சோதனை செய்து பார்த்தால் என்ன என்று ஹன்டர் பதில் எழுதினார். அவருடைய கற்பித்தல் முறை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததில்லை. மேகவெட்டையும் (கொனோரியா) கிரந்தியும் (சிபிலிஸ்) ஒரே நோய் என்று சோதனை செய்தே முடிவுகட்டி 1786-இல் நூலாகவும் வெளியிட்டார். அந்தப் பிழை அரை நூற்றாண்டு நீடித்தது. பெரிய ஆசிரியரின் தவற்றுக்கு ஆயுள் அதிகம்.

அந்த நூலுக்கு முந்தைய ஆண்டு, 1785 டிசம்பரில் அவர் செய்த அறுவை சிகிச்சை, இங்கே வருபவர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டியது. முழங்காலுக்குப் பின்னால் தமனி வீங்கியிருந்த ஒரு வண்டியோட்டிக்கு, காலை வெட்டுவதே அன்றைய வழக்கமாக இருக்க, ஹன்டர் தொடையின் நடுவில், தமனி நலமாக உள்ள இடத்தில் கட்டுப்போட்டார். கிளைக் குழாய்கள் விரிந்து கீழ்க்காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் என்ற அவருடைய கணிப்பு பலித்தது. 'ஹன்டர்ஸ் கெனால்' என்ற பெயர் அந்த இடத்துக்கு வந்த கதை இதுதான்.

ஏழரை அடிக்கும் மேல் உயர்ந்த சார்லஸ் பர்னின் எலும்புக்கூடு இப்போது காட்சியில் இல்லை. தன் உடலைக் கடலில் அடக்கம் செய்யச் சொல்லிவிட்டு 1783-இல் இறந்தவர் அவர். அந்த விருப்பத்தை மீறி ஹன்டர் உடலைக் கைப்பற்றினார். இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் காட்சிப்பொருளாக நின்றதை அகற்றியது சரியான முடிவு என்றே கருதுகிறேன். ரெனால்ட்ஸ் வரைந்த ஹன்டரின் உருவப்படத்தின் மேல் மூலையில் அந்த எலும்புக்கால்கள் மட்டும் இன்றும் தெரிகின்றன.

ஹன்டரின் முடிவும் மாணவர்கள் பொருட்டே வந்தது. 1793 அக்டோபர் 16 அன்று, முன்பயிற்சி இல்லாத இரண்டு மாணவர்களைச் சேர்ப்பது தொடர்பாக செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை நிர்வாகக் கூட்டத்தில் அவர்களுக்காக வாதாடியபோது, நெடுநாளாக மார்வலியால் அவதிப்பட்டுவந்த அவர் எதிர்ப்பேச்சைக் கேட்டுக் கொதித்து, அடுத்த அறைக்குப் போய் அங்கேயே உயிர்விட்டார்.

அதன்பிறகு சேகரிப்பைக் காத்தவர் வில்லியம் கிளிஃப்ட். 17 வயதில் ஹன்டரிடம் வேலைக்கு வந்த இந்த எளிய இளைஞர், 1799-இல் அரசு 15,000 பவுண்டுக்கு விலைகொடுத்து வாங்கும்வரை குடுவைகளைக் காவல் காத்ததோடு, ஹன்டரின் கையெழுத்துப் பிரதிகளில் பலவற்றை உட்கார்ந்து நகலெடுத்தார். மூலப்பிரதிகளை 1823-இல் ஹன்டரின் மைத்துனர் எவரார்ட் ஹோம் எரித்துவிட்டதால், கிளிஃப்டின் நகல்களே நமக்கு மிஞ்சின. 1941 மே மாதக் குண்டுவீச்சில் குடுவைகளிலும் பெரும்பகுதி அழிந்தது.

மருத்துவ மாணவர்கள் கட்டாயம் போகலாம். மற்றவர்களும் போகலாம், வயிற்றில் கொஞ்சம் துணிவு இருந்தால். கருவிலேயே இறந்த சிசுக்களின் உடல்கள் காட்சியில் உண்டு என்பதால், கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளோடு வருபவர்களும் அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது. எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. கிளம்பும்முன் இணையதளத்தில் நாளையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பென்சிலும் சிறு நோட்டும் கையில் இருக்கட்டும்: ஏதேனும் ஓர் அடுக்கைத் தேர்ந்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு குடுவையாக வரைந்துகொண்டே போனால், பலகையில் எழுதியிருப்பதைப் படிக்கும் முன்பே பாதி பாடம் புரிந்துவிடுகிறது.