பாளையங்கோட்டையில் தூக்க மாத்திரை: வாங்குவதும் விடுவதும்

மாண்ட்ரியலில் எனக்கு ஸோபிக்ளோன், பாளையங்கோட்டையில் அம்மாவுக்கு அல்பிரஸோலம். இரண்டு பேருமே வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த முறை ஊருக்குப் போனபோது மருந்துக்கடை, டாக்டர் என்று அலைந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி மாத்திரையோடு ஊருக்குப் போகிறவர்கள், வீட்டில் வயதானவர்களுக்கு இது ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொண்டுபோகும் விஷயம். மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே, பெயர் ஒட்டியபடி வையுங்கள். டாக்டர் கடிதத்தில் மருந்தின் மூலப்பெயர் இருக்க வேண்டும். வெளிநாட்டு பிராண்ட் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. அல்பிரஸோலம், ஸோல்பிடெம் போன்றவை இந்தியாவில் 1985ஆம் வருஷத்துப் போதைமருந்துச் சட்டத்துக்குள் வருகின்றன. அதன் விதிப்படி சொந்த உபயோகத்துக்கு ஒரே நேரத்தில் 100 மாத்திரை வரை வைத்திருக்கலாம். நீண்ட நாள் தேவை என்று டாக்டர் குறிப்பிட்டு எழுதியிருந்தால் 300 வரை. துபாயில் இறங்கி நாலு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று திட்டம் போடுகிறவர்கள், அமீரக அரசிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே இதில் விளையாட்டே கிடையாது.

எழும்பூரிலிருந்து ராத்திரி ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு இந்த மாத்திரையைப் போடாதீர்கள். தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, பிறகு எதுவுமே நினைவில்லாமல் போவது எல்லாம் ஸோல்பிடெம் வகை மருந்துகளில் நடந்திருக்கிறது. அமெரிக்க மருந்துத் துறை 2019இல் இதற்காகவே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. நான் கோவில்பட்டி தாண்டும்வரை கொட்டக்கொட்ட முழித்துக்கொண்டுதான் வந்தேன்.

இனி மருந்துக்கடை. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கடையில் அம்மாவின் பழைய அட்டையைக் காட்டினேன். சீட்டு கேட்கவில்லை, யாருக்கு என்றும் கேட்கவில்லை. “எத்தனை அண்ணாச்சி?” என்றார், அவ்வளவுதான். பத்து என்று சொன்னதும் பெரிய அட்டையிலிருந்து கத்தரியால் வெட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால், காலாவதித் தேதி அச்சடித்த பாதி கடையிலேயே இருந்துவிட்டது. என் கையில் இருந்தது பெயரில் பாதியும் சிவப்புக் கட்டத்தின் ஒரு ஓரமும்தான். அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் எச்சரிக்கையும் இங்கிலீஷில். எழுபது தாண்டிய அம்மாவுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

சட்டம் இப்படி இல்லை. 2014 மார்ச் முதல் அல்பிரஸோலம், டயஸிபாம், நைட்ரஸிபாம், ஸோல்பிடெம் எல்லாம் எச்1 பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு வேண்டும். கடைக்காரர் தனிப் பதிவேட்டில் நோயாளி பெயர், டாக்டர் பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் எழுதி, அந்த நோட்டை மூன்று வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். முருகன்குறிச்சிப் பக்கம் இன்னொரு கடையில் இதை அப்படியே செய்தார்கள். கல்லாவுக்குப் பின்னால் நீளமான நோட்டு. ஒரு பெண் சீட்டைப் பார்த்து வரி வரியாக எழுதி, சீட்டிலேயே முத்திரையும் குத்தித் தந்தாள். எனக்குப் பின்னால் நின்றவர் “ஒரு தூக்க மாத்திரைக்கு இம்புட்டா?” என்று சலித்துக்கொண்டார். கூட்டமெல்லாம் ஏன் முதல் கடையிலேயே நிற்கிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

என் ஸோபிக்ளோனைப் பற்றிக் கொஞ்சம். இதைப் போடுகிறவர்களில் பலருக்கு மறுநாள் வாயில் ஒரு இரும்புக் கசப்பு நிற்கும். ஆசையாக வாங்கிய அல்வாவும் கசந்தது. காலைக் காபியைக் கேட்கவே வேண்டாம். கடையில் குறை ஒன்றும் இல்லை, மாத்திரையின் குணம் அது.

அம்மா விஷயம் வேறு. அப்பா தவறிய சமயத்தில் ஒரு பொது டாக்டர் அரை மில்லி கிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கொஞ்ச நாளைக்கு என்றுதான் எழுதினாராம். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. ராத்திரி பாத்ரூமுக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா நடப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. வயதானவர்களுக்கு இந்த மருந்து உடம்பைவிட்டு இறங்க அதிக நேரம் எடுக்கும். தடுமாற்றம், மறதி, விழுந்து எலும்பு முறிவது என்று வரிசையாக வரும்.

அதற்காக ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது. நீண்ட நாள் போட்டதைத் திடீரென்று விட்டால் நடுக்கம், படபடப்பு, சிலருக்கு வலிப்பே வரலாம். தெருவில் ஒரு மதினி, “அத வுட்டுட்டு சளி மாத்திரை ஒண்ணு போடச் சொல்லுங்க, நல்லாத் தூக்கம் வரும்” என்று யோசனை சொன்னார்கள். அந்த வகை மாத்திரைகள் முதியவர்களுக்குக் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரும். வேண்டாம்.

ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. காலையிலேயே போய் ஓபி சீட்டு போட்டால் காசு செலவில்லை. அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். “நான் என்ன கிறுக்கியா? தெரிஞ்சவுக பாத்தா என்ன சொல்லுவாவ?” கடைசியில் “நரம்பு டாக்டர்” என்று சொல்லி ஒரு தனியார் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். டோக்கன் வாங்குவதுதான் பெரும்பாடு. போனைக் காலையில் கொஞ்ச நேரம் மட்டுமே எடுக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்தே போட்டு வைக்கலாம் என்றால் நம்பரைப் பார்த்துக் கட் பண்ணுகிறார்கள். ஊரில் இருக்கும் ஒருவரைவிட்டு முதல் வாரமே டோக்கன் போடச் சொல்லுங்கள், ஏனென்றால் இரண்டாவது தடவை போவதுதான் முக்கியம்.

டாக்டர் முதலில் கேட்டது மாத்திரையைப் பற்றி இல்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்றார். எட்டரைக்கு என்றாள் அம்மா. மத்தியானம்? சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம். “எட்டரைக்குப் படுத்தா ரெண்டு மணிக்கு முழிப்பு வரத்தாம்மா செய்யும்” என்று சிரித்தார். மத்தியானத் தூக்கம் கூடாது, பத்தரைக்கு முன்னால் பாயை விரிக்கக் கூடாது, தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து உட்கார வேண்டும், எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும், நாலு மணிக் காபியோடு சரி. மாத்திரை இல்லாமல் தூக்கப் பழக்கத்தை மாற்றும் சி.பி.டி.-ஐ என்ற சிகிச்சையின் சாரம் இதுதான். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் சங்கம் 2016இலேயே சொல்லியிருக்கிறது. நெல்லையில் இதற்கென்று தனியாக ஆள் கிடைக்கவில்லை எனக்கு. டாக்டரே பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்தார். வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தால் அந்தப் பத்து நிமிஷமே பெரிசு.

மாத்திரையைக் குறைக்கும் கணக்கு அழகாக இருந்தது. அரை மில்லி கிராமுக்குப் பதில் கால் மில்லி கிராம் மாத்திரையாக எழுதினார். முதலில் இரண்டு, இரண்டு வாரம் கழித்து ஒன்றரை, பிறகு ஒன்று, பிறகு பாதி. எந்தப் படியில் உடம்பு முரண்டு பிடிக்கிறதோ அங்கேயே கூடுதலாக நிற்கலாம், பின்னால் போகக் கூடாது என்றார். மாத்திரை வெட்டும் சின்ன டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தேன். “இதுக்குப் போயி துட்டா? அருவாமனைல நறுக்கிருவேன்” என்றாள். நறுக்கியும் காட்டினாள், பாதி தூளாகிவிட்டது.

கியூபெக்கில் செய்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. வருஷக்கணக்கில் இந்த மாத்திரை போடும் முதியவர்களுக்கு அதன் கெடுதலையும் படிப்படியாக விடும் முறையையும் விளக்கி ஒரு சிறு புத்தகம் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் அடியோடு விட்டார்கள். புத்தகம் கிடைக்காதவர்களில் 5 சதவீதம்தான். எங்கள் மாண்ட்ரியல் மருந்தாளுநர் எனக்கும் அப்படி ஒன்று கொடுத்தார். நம் ஊர்க் கடைகளில் அப்படி ஒரு தமிழ்த் தாள் கேட்டுப் பார்த்தேன்; சர்க்கரைக்கு இருக்கிறது, பிரஷருக்கு இருக்கிறது, இதற்கு இல்லை. அதனால் படிகளை நானே பெரிய எழுத்தில் தேதி போட்டு எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைக் கொண்டுவரும் அக்காவும் அந்தத் தாளை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, தன் அம்மாவுக்கு என்று போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

நான் கிளம்பும்போது அம்மா ஒன்றரையில் இருந்தாள். முதல் வாரம் தூக்கம் கெட்டது, எரிச்சல் வந்தது, என்னைத் திட்டினாள். அடுத்த டோக்கனை அத்தான் போட்டிருக்கிறார், இரண்டாவது கடையில்தான் மருந்து வாங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வெட்டின அட்டை வேண்டாம், தேதி தெரிகிற முழு அட்டையாகக் கேளுங்கள் என்றும்.